அப்பாவைக் கரைத்த இடம்

அப்பாவின் சாம்பலைக் கடலில் கரைக்கப் போன அன்று ரெக்ஸ் எங்களைச் சோதனை போட்டார். ரெக்ஸ் அப்பாவின் நண்பர். அப்பாவுடன் ஒரே படகில் உட்கார்ந்தே கிழவரானவர். வயதுக்கு மரியாதை கொடுத்து ‘அவர்’ என்கிறேன். மனசுக்குள் வேறு சொல்தான் ஓடுகிறது.

படகு இறக்கும் சரிவில் நின்றுகொண்டு கையை நீட்டினார். “போன் ரெண்டையும் காருக்குள்ள வச்சுப் பூட்டுங்க. டேரன், அந்த வாட்சையும் கழட்டு. எந்த இடத்துல நிக்கிறோம்னு அதுவும் காட்டிக் குடுக்கும்.”

என் தம்பி டேரன் கழற்றிக் கொடுத்தான். “அப்பன் சாம்பலோட வந்தவன ஜட்டி வரைக்கும் தடவிப் பாப்பீங்க போல.”

“தேவைப்பட்டாப் பாப்பேன்.”

சாம்பல் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் நடுவில் நின்றேன். இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது.

எங்கள் விரிகுடாவில் எங்கோ ஒரு பள்ளம் இருக்கிறது. முழங்கை நீளக் கிழங்கான் மீன் அங்கே வரும். அதைக் கண்டுபிடித்தது அப்பா. தெரிந்தவர்கள் அப்பாவும் ரெக்ஸும் மட்டும்தான். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால் காரைக் கடன் தருவார்கள், வீட்டுச் சாவியைக்கூடத் தருவார்கள். ஆனால் “இந்த மீன எங்க புடிச்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “அதோட வாயில” என்பார்கள்.

பள்ளத்துக்குப் போகக் கருவி எதுவும் வேண்டாம். கரையில் உள்ள இரண்டு பொருட்களில் ஒன்று மற்றதன் பின்னால் மறைய வேண்டும். அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் பார்த்தால் வேறு இரண்டு பொருட்கள் அதே மாதிரி மறைய வேண்டும். அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போட்டால் கீழே பள்ளம். எந்தத் தானியக் குதிர், எந்தக் கோபுரம், எந்த மரம் என்பதுதான் ரகசியம். அங்கிருந்து ஒரு தடவை கரையைப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் அதை ஒருவன் தலையிலிருந்து பிடுங்க முடியாது.

அடிலெய்டிலிருந்து வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் மீன் பிடிக்க வைப்பதுதான் டேரனின் தொழில். அதனால் அப்பா அவனிடம் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டிலும் அவன் கேட்பான். அப்பா, “அந்த உருளைக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளு” என்பார். அவ்வளவுதான் பதில்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம், “என்னைய அங்கதான் போடணும். ரெக்ஸுக்குத் தெரியும்” என்றார். நான் வாக்குக் கொடுத்தேன். அவர் கேட்ட இடத்தில் அவர் இருக்க வேண்டும், பெற்ற இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து வழியனுப்ப வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கடலுக்குப் போக நாள் குறித்தபோது ரெக்ஸ் என்னிடம், “நீ மட்டும் வா, கண்ணு” என்றார்.

“டேரனும் புள்ளதான்.”

“அதெல்லாம் சரி. நீ மட்டும் வாயேன்.”

“அவன் இல்லாம நான் வரமாட்டேன். ஒரு மீன் பள்ளத்துக்காக அவன அப்பாகிட்டேர்ந்து தள்ளி வைக்கிறதுக்கு நீங்க யாரு?”

“சரி, உன் இஷ்டம்” என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படகில் எங்களைக் கரைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். “திரும்பினீங்கன்னா படகும் திரும்பிரும்” என்று ஒரு மிரட்டல் வேறு. பெற்ற அப்பனை வழியனுப்பப் போகிறவர்கள், தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்து, இல்லை, வெறுங்கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். குளிர்காற்று முகத்தில் அடித்தது.

கடைசியில் என்ஜினை நிறுத்தி நங்கூரத்தை இறக்கினார். தொப்பியைக் கழற்றினார். “வந்துட்டோம், லின்ட்சே” என்று அப்பா பெயரைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. நான் பெட்டியைத் திறந்து சாய்த்தேன். பாதி தண்ணீரில் விழுந்தது, பாதி காற்றில் பறந்து என் கோட்டில் ஒட்டியது. டேரன் விம்மி விம்மி அழுதான். என் முன்னால் அழ வெட்கப்படுகிறான் போல, முகத்தைத் துடைக்கத் திரும்பிக்கொண்டான். எனக்கு அவன் மேல் பாவமாக இருந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவன் தோளைத் தொட்டேன்.

அடுத்த வாரமே, நாயைக் கூட்டிக்கொண்டு துறைப் பாலத்தில் நடந்தபோது டேரனின் பெரிய படகைப் பார்த்தேன். அன்று நாங்கள் போன அதே திசையில் நங்கூரம் போட்டு நின்றது. சுற்றிலும் தூண்டில்கள். அவன் எதற்குத் திரும்பினான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவன் கரைக்கு வரும்வரை படகு இறக்கும் சரிவில் போய்க் காத்து நின்றேன். “அப்பா தலை மேல நங்கூரம் போட்டிருக்க” என்றேன்.

“மெதுவாப் பேசு கெரின், ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும். அழுற மாதிரி நடிச்சியா நீ?”

“அழுதது நெசம். திரும்பிப் பாத்ததும் நெசம்.” அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. “கடல் என்ன ரெக்ஸோட அப்பன் வீட்டுச் சொத்தா? பெத்த புள்ளைக்குச் சொல்லாத இடத்த அந்தாளுக்குச் சொன்னாரே, அத என்னைக்காவது நீ கேட்டிருக்கியா? ஒரு தடவயாவது என்னக் கூட்டிட்டுப் போயிருந்தா நான் ஏன் திருட்டுத்தனமாத் திரும்பிப் பாக்கப்போறேன்?”

அவன் கேட்டது நியாயம்தான். அதனால் இன்னும் எரிச்சல்தான் வந்தது.

“அதுவும் அங்க ஒரு மண்ணும் இல்ல” என்றான். “வெறும் பேத்தை, திங்க ஆகாத மீன். காலைலேர்ந்து இரைய எல்லாம் தின்னே தீத்துருச்சு. ஒரு கிழங்கான் கடிக்கல. வந்தவங்க என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க.”

படுக்கையில் விழும்வரை அப்பா அங்கிருந்து வெறுங்கையோடு வந்ததே இல்லை. நாயை டேரனிடம் விட்டுவிட்டு நேராக ரெக்ஸ் வீட்டுக்குப் போனேன்.

கொட்டகையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தார். பலகை மேல் முழங்கை நீளத்துக்குக் கிழங்கான்கள், அன்றைக்குப் பிடித்தவை.

“எங்கப்பாவ எங்க போட்டீங்க?”

“கடல்லதான்.”

“ரெக்ஸ்.”

கத்தியைக் கீழே வைத்தார். “கொஞ்சம் தள்ளி.”

“எவ்வளவு தள்ளி?”

“நல்லாவே தள்ளி.”

“தொப்பியக் கழட்டினீங்களே. ‘வந்துட்டோம்’னீங்களே. அழுதீங்களே.”

“அழுகை வந்துச்சு, அழுதேன். அவன எங்க கொட்டினாலும் எனக்கு வரத்தானே செய்யும்?”

பலகையோடு மீனைத் தரையில் தட்டிவிட்டேன். அவர் தடுக்கவில்லை. அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. வாக்குக் கொடுத்தவள் நான், என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார் என்று கத்தினேன். அந்தத் தெருவே கேட்டிருக்கும்.

நான் மூச்சு வாங்கியபோது, “லின்ட்சே சொன்னதத்தான் செஞ்சேன்” என்றார். “‘டேரன் படகுல இருந்தா அங்க போகாத, எங்கயாச்சும் கொட்டிரு’ன்னான்.”

“நான் தனியா வந்திருந்தா?”

“நேரா அங்கதான். அடையாளத்தையும் ஒனக்குக் காட்டச் சொன்னான். அதான் ரெண்டு தரம் கேட்டேன், நீ மட்டும் வான்னு.”

“காரணத்தச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லாதேன்னுட்டான்.”

அதுவரை ரெக்ஸ் மேலும் டேரன் மேலும் இருந்த கோபம் அப்படியே அப்பா மேல் திரும்பியது. செத்தவர் மேல் கோபப்படுவது எவ்வளவு கேவலமான விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது. திருப்பிக் கேட்க ஆள் இல்லை. மகனுக்கு இடம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பேத்தை மீன்களோடு கிடக்கத் தயாராக இருந்திருக்கிறார் மனிதர். தம்பியை விட்டுவிட்டு வருவேனா மாட்டேனா என்று என்னையும் சோதித்திருக்கிறார். நான் மாட்டேன் என்றேன். அதற்குத் தண்டனை அவருக்கும்தான்.

ரெக்ஸ் குனிந்து மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழாயில் கழுவினார்.

“இப்பவே வா, கூட்டிட்டுப் போறேன்” என்றார். “நீ ஒருத்தியாவது தெரிஞ்சு வச்சுக்க, கண்ணு. எனக்கப்புறம் அது யாருக்கும் தெரியாமப் போயிரும்.”

“அங்க என்ன இருக்கு?”

“என்ன கேள்வி இது? மீன் இருக்கு.”

“எங்கப்பா இருக்காரா?”

அவர் குழாயை மூடினார்.

“அப்ப அத நீங்களே வச்சுக்கங்க” என்றேன்.