நொடிக்கு ஒரு குமிழி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன வருடம் ஒரு பத்திரிகையில் இருந்து போன் செய்தவர், "நீங்கள் சிவகாசிக்காரர்தானே, ஒரு கதை தாருங்களேன்" என்றார். சந்தோஷமாக, எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததா? விபத்து, ஆஸ்பத்திரி, அழுகை..." என்று இழுத்தார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்றுதான் கேட்பார்கள். செத்தவர்கள் உண்டு. அதில் எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. அதற்காக எங்கள் ஊரில் வேறு எதுவுமே நடக்காதா என்ன?

ஆகவே இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. பதினொரு நத்தைகள் சாகும். ஒரு பவளம் பாதி சாகும். இதைத் தாங்கக்கூடியவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

2

முதல் தொடக்கம்: 'அன்று சிவகாசியின் வானம் கந்தக மஞ்சளாக—'

[பொய். அன்று வானம் வழக்கம்போல வெளிறித்தான் கிடந்தது.]

இரண்டாவது தொடக்கம்: 'கால்சியம் ரியாக்டர் என்பது யாதெனில்—'

[பள்ளிக்கூட வாடை. ஆனால் இதைச் சொல்லாமல் கதை ஒரு அடி நகராது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.]

நான் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கிளார்க். பெட்டிகளின் லேபிளில் வரும் வாசகங்களையும் நான்தான் எழுதுவேன். என் எழுத்தில் அதிகம் விற்றது அதுதான். எங்கள் முதலாளி சீனாவுக்குச் சாமான் பார்க்கப் போன இடத்தில், ஒரு ஓட்டல் முகப்பில் பவளத் தொட்டியைப் பார்த்துவிட்டார். 2006இல் புது ஆபீஸ் கட்டியபோது வாசலுக்கு நேரே மூவாயிரம் லிட்டரில் அப்படி ஒன்று வந்து இறங்கியது. கடல் எங்கேயோ இருக்கிறது. தண்ணீரில் கரைக்கிற உப்பே எங்களுக்கு மூட்டையில் வந்தது.*

பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிர். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத்தான் தன் எலும்பைக் கட்டுகிறது. கடலில் அந்தச் சத்து தீராது. தொட்டியில் தீர்ந்துவிடும். அதை ஈடுகட்டுவதுதான் ரியாக்டர். இடுப்பு உயரத்தில் ஒரு தடித்த குழாய், அதற்குள் செத்த பவளத்தின் நொறுங்கல். சோடாக் கம்பெனியில் அடைக்கிற அதே வாயுவை நொடிக்கு ஒரு குமிழியாக உள்ளே விட்டால் தண்ணீர் லேசாகப் புளிக்கும். புளித்த தண்ணீர் நொறுங்கலைக் கரைக்கும். கரைந்தது சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குப் போகும். செத்த பவளத்தைக் கரைத்து உயிருள்ள பவளத்துக்கு ஊட்டுகிறோம். இந்த இடத்தில் தத்துவம் பேசக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

(* நம் கடலில் இருந்து பவளத்தை எடுக்கச் சட்டம் விடாது. இவை வெளிநாட்டில் இருந்து வந்தவை. யாராவது கேட்டுவிடுவார்கள் என்று அதற்கான காகிதங்களை முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்தார். வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் அதைத்தான் படித்தார்கள்.)

3

இனி வீரலட்சுமி.

தொட்டியை நிறுவிய சென்னைக்காரர் மூன்றே நாளில் வேலையை முடித்து, நாலு பக்க ஆங்கிலக் குறிப்பை என் கையில் திணித்துவிட்டு ரயிலேறிவிட்டார். தினமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "நம்ம யூனிட்லயே ரொம்பக் கவனமான ஆள் யாருய்யா?" என்று முதலாளி கேட்டார். எம். புதுப்பட்டி யூனிட்டின் போர்மேன் ஊர்க்காவலன் யோசிக்கவே இல்லை. "வீரலட்சுமிதான் மொதலாளி. பதினாலு வருசமா வெடிக்கு மருந்து செலுத்துற ரூம்ல இருக்கு. ஒரு பொறி பறந்தது கெடையாது" என்றார்.

நாரணாபுரத்தில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார் வீரலட்சுமி. நாற்பது வயது இருக்கும். நான் அந்த ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் படித்துச் சொன்னேன். ஒரு தடவைதான் கேட்டார். மறுநாள் காலையில் ரியாக்டர் முன்னால் உட்கார்ந்து, உதட்டை அசைத்துக் குமிழியை எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீரைச் சோதிக்கும் மருந்துச் சீசாக்களை அவர் கையாண்ட விதத்தைப் பார்த்துவிட்டு முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனார்.

ஒரு வருடத்தில், மான்கொம்பு மாதிரி கிளை விட்டிருந்த ஊதாப் பவளம் நாலு விரற்கடை வளர்ந்தது. வடநாட்டு வியாபாரிகள் ஆர்டர் கொடுக்க வந்த வேலையை மறந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டால், ஆபீஸே திரும்பி வீரலட்சுமியைக் காட்டும். எனக்கு அதில் இருந்த பெருமைக்கு அளவில்லை. என் தங்கச்சி கலெக்டர் ஆகியிருந்தால்கூட இம்புட்டுப் பெருமை இருந்திருக்காது.

(ஒரு நாள் அவரிடம், செத்த பவளத்துக்குப் பதில் ஆலங்குளத்தில் சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லைப் போட்டால் என்ன என்று கேட்டேன். "அது லேசுல கரையாது அண்ணாச்சி. கரைஞ்சாலும் கூடச் சேந்து என்னென்ன கரையுமோ, யாரு கண்டா?" என்றார். நான் அதற்குப் பிறகு யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.)

4

2007 புரட்டாசி. சீசன் உச்சத்தில் இருந்தது. முதலாளி டெல்லியில் இருந்தார். ஒரு திங்கட்கிழமை, கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. மறுநாள் பவளங்கள் விரியவில்லை. மான்கொம்பின் நுனிகள் வெளுக்கத் தொடங்கின.

வீரலட்சுமி தண்ணீரைச் சோதித்தார். சுண்ணாம்புச் சத்து சரியாக இருந்தது. உப்பும் சூடும் சரி. சென்னைக்காரருக்குப் போன் போட்டேன். "கால்சியம் பத்தாது, குமிழியைக் கூட்டச் சொல்லுங்க" என்றார் அவர், தொட்டியைப் பார்க்காமலே. வீரலட்சுமி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "பத்தும்னு சீசா சொல்லுது. நான் கூட்ட மாட்டேன்."

அவர் கூட்டியிருந்தால் எல்லாம் இரண்டே நாளில் செத்திருக்கும். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரம். அவர் டப்பாவைத் திறக்கவில்லை. "தொட்டி போச்சுன்னா என்னைய என்ன செய்வாக அண்ணாச்சி?" என்று கேட்டார். சென்னைக்காரரின் ஆள் வருவார், நீங்கள் பழைய வேலைக்கே போவீர்கள் என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். வேலை போகாது என்ற அர்த்தத்தில்.

"பதினாலு வருசம் உள்ள இருந்தப்பப் பயம்னா என்னன்னே தெரியாது. வெளிய வந்து ஒரு வருசம் ஆச்சு. இப்பத்தான் தெரியுது எங்கன உக்காந்திருந்தோம்னு. திரும்பிப் போனா எனக்குக் கை நடுங்கும். கை நடுங்குற ஆளு அந்த ரூமுக்குள்ள இருக்கக் கூடாது."

இந்த வசனத்தை நான் கற்பனை செய்யவில்லை. என்னால் அப்படி முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

5

வியாழக்கிழமை அவர் எல்லாவற்றையும் கழற்றினார். ரியாக்டரில் இருந்து சொட்டும் குழாயில் ஒரு சின்ன வால்வு. அதன் வாயில் பச்சையும் நீலமுமாக ஒரு களிம்பு படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. வால்வை எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸ் சமையலறைக்குப் போனார்.

உப்புப் போக நல்ல தண்ணீரில் களிம்பை அலசி, ஒரு கம்பி நுனியில் சுரண்டி எடுத்து, டீ போடுகிற கேஸ் அடுப்பில் காட்டினார்.

தீ நீலப்பச்சையாகச் சீறியது.

டீ குடிக்க வந்த ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். பாக்கிங்கில் இருந்து பில் போடுகிறவர் வரை அத்தனை பேருக்கும் அந்த நிறம் தெரியும். எங்கள் ஊரில் சிவப்புக்கு எது, பச்சைக்கு எது, நீலத்துக்கு எது என்று பிறந்த பிள்ளைகூடச் சொல்லும். (மிகைதான். விட்டுவிடுங்கள், பெருமையாக இருக்கிறேன்.)

"செம்பு" என்றார் வீரலட்சுமி. வால்வு பித்தளை. புளித்த தண்ணீர் அதன் வழியாக இறங்கும்போது, பித்தளையில் இருந்த செம்பையும் கரைத்துக்கொண்டு தொட்டிக்குப் போயிருக்கிறது. நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம்.

வால்வைத் தூக்கி எறிந்துவிட்டு, மெடிக்கல் கடையில் ட்ரிப்ஸ் ஏற்றுகிற குழாய் வாங்கிவரச் சொன்னார். அதில் இருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தை உருட்டிச் சொட்டை அளந்து வைத்தார். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றினோம். ஆபீஸ் முழுக்க வாளி தூக்கியது. சீசன் நேரத்தில் அக்கவுண்ட்ஸ்காரர்கள் உப்புக் கரைத்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

6

அந்தப் பித்தளை வால்வை யார் மாட்டியது?

இந்தக் கேள்வியில்தான் கதை இரண்டு முறை நின்றது. முதலில் எழுதிய படியில் பழியைச் சென்னைக்காரர் தலையில் கட்டினேன். பொருத்தமான ஆள், திரும்பி வந்து கேட்கவும் மாட்டார். இரண்டாவது படியில் பழியை நானே ஏற்றுக்கொண்டேன். 'எல்லாம் என் குற்றம்' என்று ஒரு பக்கத்துக்கு உருகியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது.

அந்தப் படியை நாரணாபுரத்துக்கு எடுத்துப்போய் வீரலட்சுமியிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுத் தாள்களை அடுக்கி என் மடியில் வைத்தார்.

"இதுல நான் எங்கன இருக்கேன் அண்ணாச்சி?"

"எல்லா இடத்திலயும் நீங்கதானே இருக்கீங்க?"

"தப்புல இல்லையே. வால்வ மாட்டுனது நான். எதுக்கு மாட்டுனேன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? அத எழுதுங்க."

தெரியும். எங்கள் மருந்து அறைகளுக்குள் இரும்பு போகாது. இரும்பு உரசினால் பொறி வரும். சல்லடை, கரண்டி, ஆணி எல்லாம் பித்தளை, இல்லாவிட்டால் செம்பு. வாசலில் மண்ணோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்ட பிறகுதான் யாரும் உள்ளே காலை வைப்பார்கள். பதினாலு வருடம் அந்தத் தகட்டைத் தொட்ட கை அது. நத்தைகள் விழுவதற்குச் சில வாரம் முன்னால், ரியாக்டரில் முதலில் இருந்த பிளாஸ்டிக் வால்வு ஒழுகியது. பக்கத்தில் கேஸ் சிலிண்டர் நின்றது. அது சோடா கேஸ், தீப்பிடிக்காது என்று நான் சொல்லியிருந்தேன். கேஸ் என்றால் கேஸ்தான் என்று அந்தக் கை நினைத்துவிட்டது. பட்டாசு ஸ்டோரில் இருந்ததிலேயே நம்பகமான வால்வைக் கேட்டு வாங்கி மாட்டிவிட்டது. இதே தப்பை உலகத்தில் வேறு யார் செய்திருப்பார்கள்?

"பதினாலு வருசம் ஒரு பொறி பறக்காமக் காத்ததும் இந்தக் கைதான். பவளத்துக்கு வெசம் வச்சதும் இந்தக் கைதான். ரெண்டும் என்னோடது. ஒண்ணப் புடுங்கி நீங்க வச்சுக்கிட்டா எப்பிடி?" என்றார் வீரலட்சுமி. "ஒங்களுக்கு வேணும்னா ஒங்க பங்கு மட்டும் எழுதிக்கோங்க."

என் பங்கு: ஸ்டோரில் இருந்து அந்த வால்வை எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டது நான். அப்புறம் அந்த நாலு பக்கக் குறிப்பு. நான் அவருக்கு மூன்று பக்கம்தான் படித்துச் சொன்னேன். நாலாவது வாரண்டி சமாசாரம் என்று மடித்து டிராயரில் போட்டுவிட்டேன். அடுப்பில் நீலம் எரிந்த அன்று தேடி எடுத்துப் பார்த்தேன். செம்போ பித்தளையோ தண்ணீரைத் தொடக் கூடாது என்று கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

7

அடுத்த செவ்வாய்க்கிழமை டெல்லியில் இருந்து முதலாளி வந்தார். சென்னைக்காரரும் கூடவே வந்திருந்தார். மான்கொம்பின் மேல்பாதி சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கீழ்ப்பாதியில் ஊதா நிறம் இருந்தது, பூப்பூவாக விரிந்தும் இருந்தது. மற்றவை பிழைத்துவிட்டன.

"யாரு செஞ்சது?" என்றார் முதலாளி.

"நாந்தான் மொதலாளி" என்று வீரலட்சுமி எல்லாவற்றையும் சொன்னார். நான் என் நாலாம் பக்கத்தைச் சொன்னேன். சென்னைக்காரர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். முதலாளி அவரைக் கையமர்த்திவிட்டு, என்னை இரண்டு கடிதம் அடித்துவரச் சொன்னார். ஒன்றில் வீரலட்சுமி தொட்டிப் பொறுப்பிலேயே தொடர்கிறார். இன்னொன்றில் எம். புதுப்பட்டி மருந்து அறைக்குத் திரும்புகிறார். அவர் முடிவெடுக்கும் வழக்கம் அப்படித்தான். இரண்டையும் தாளில் பார்த்தால்தான் அவருக்கு மனசு தெளியும்.

முடிவு ஒன்று: 'முதலாளியின் கண்கள் கலங்கின. அவர் பேனாவை—' [முதலாளி எதற்கும் கலங்குகிறவர் இல்லை.]

முடிவு இரண்டு: 'மறுநாள் காலை அந்தச் செம்புத் தகட்டின் முன்னால் அவள்—' [இது அந்தப் பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும். அதனாலேயே கோடு போட்டு அடித்துவிட்டேன்.]

மூன்றாவதாக, உண்மையில் நடந்ததை எழுதி வீரலட்சுமியிடம் காட்டினேன். கடைசித் தாளை மட்டும் உருவித் தன்னிடம் வைத்துக்கொண்டார். "அவர் எதுல கையெழுத்துப் போட்டாருன்னு எழுதாதீக அண்ணாச்சி. நான் எம்புட்டுக் கெட்டின்னு அவர் பேனா சொல்லித்தான் தெரியணுமா? படிக்கிறவுக சொல்லட்டும்."

ஆகவே முதலாளியின் நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். மின்விசிறி ஓடுகிறது. இரண்டு கடிதங்கள் முன்னால் இருக்கின்றன, பேனா உங்கள் கையில். வீரலட்சுமி எதிரே நிற்கிறார். உட்காரச் சொன்னீர்கள், உட்காரவில்லை. கெஞ்சுகிற முகமும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முதலாளி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதை நீங்களும் கேட்கலாம்: மறுபடி இப்படித் தப்பு நடக்காது என்று உன்னால் சொல்ல முடியுமா?

அவர் சொன்ன பதிலை மாற்றாமல் தருகிறேன்.

"இந்தத் தப்பு நடக்காது மொதலாளி. வேற தப்பு நடக்கும். நடந்தா நானே வந்து சொல்லுவேன்."

கையெழுத்தைப் போடுங்கள்.