வாய் மூன்று விரல் திறக்கிறது

"ஆ காட்டு" என்றேன். ஐந்து வயதுச் சிறுமி தன்னால் முடிந்தவரை காட்டினாள். அவளுடைய விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே நுழைக்கச் சொன்னேன். குழந்தையின் வாயை அளக்க அதன் விரல்தான் அளவுகோல். மூன்று போக வேண்டும். ஒன்றுதான் போனது.

"பிஸ்கட்டை உடைச்சு உடைச்சுத் தள்றா டாக்டரம்மா, உண்டியல்ல காசு போடற மாதிரி" என்றார் அவள் அம்மா. சிரிக்கத்தான் சொன்னார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

நாலு மாதத்துக்கு முன் ஊஞ்சலிலிருந்து குப்புற விழுந்து வந்த அதே குழந்தை. அன்றைக்கு அவசரப் பிரிவில் முதலில் பார்த்தது நான்தான். மோவாய் கிழிந்து வந்த குழந்தைக்கு மோவாயை மட்டும் பார்க்கிற ஆள் டாக்டரே இல்லை. அடி கீழே விழும். எலும்பு மேலே, காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டில் உடையும். வாயைத் திறக்கச் சொன்னேன். தாடை இடப்பக்கம் கோணிக்கொண்டு போனது. இடது காதுக்கு முன்னால் லேசாக அழுத்தினேன். துள்ளினாள். 'இடது மூட்டில் முறிவு இருக்கலாம், ஸ்கேன் வேண்டும்' என்று தாளில் எழுதினேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை, மூன்று வருஷம் மூத்த டாக்டர். அவள் வீட்டிலும் என் வீட்டிலும் எங்களுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. "நாம ஒரே இனம்டி, வீட்டுல புத்தக அலமாரி இல்லாத இனம்" என்பாள்.

"காலைலேர்ந்து நிக்கற. போய்ச் சாப்பிடு. தையலும் ஸ்கேனும் நான் பாத்துக்கறேன்."

போனேன். அக்கா சொன்னால் எனக்குப் போதும்.

இப்போது பழைய கோப்பைப் பிரித்தேன். என் தாள் இல்லை. வேறு தாள். 'வாய் 3 விரல் திறக்கிறது. மூட்டில் வலி இல்லை. தையல் போட்டு அனுப்பப்பட்டது.' பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர். தலை தட்டையான அந்த 3 அக்காவுடையது. இந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

டாக்டர்கள் அறையில் அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"என் தாள் எங்கக்கா?"

கோப்பைப் பார்த்தாள். குழாயை மூடவில்லை.

"அன்னிக்கு ஸ்கேன்ல அவ்ளோ கூட்டம்டி. குழந்தை வேற கத்துச்சு. தச்சு அனுப்பிட்டேன். மறுநாள் பெரிய டாக்டர் எல்லாக் கோப்பையும் பாக்கறார்னாங்க. ஸ்கேன் வேணும்னு நீ எழுதியிருக்க, நான் எடுக்கல. என்ன பண்ணச் சொல்ற?"

"திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே. ஃபோன் நம்பர் கோப்புலயே இருக்கு."

"கூப்பிடலாம்னுதான் இருந்தேன்."

"சரி, என் பேரு எதுக்கு?"

"நீ பயிற்சி டாக்டர். தெரியாம பண்ணிட்டான்னு ரெண்டு திட்டு திட்டி விட்ருவாங்க. எனக்கு நிரந்தர வேலைக்கு நேர்காணல் இருந்துச்சு. உனக்குப் புரியும்னு நெனச்சேன். நாமெல்லாம் ஒண்ணுதானே?"

டாக்டர் வீட்டில் பிறந்த டாக்டர் யாராவது இதைச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். என் கழுத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லாதே. ஆபரேஷனுக்கு நானே நின்னு பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்டது போதும், டாக்டர்."

அன்று மதியமே ஸ்கேன் எடுக்க வைத்தேன். படம் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை. அப்புறம் அந்த அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன்.

"உடைஞ்ச மூட்டு அசையாம இருந்ததால எலும்போட எலும்பு ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணிப் பிரிக்கணும். அப்புறம் மாசக்கணக்கா தினமும் வாய்ப் பயிற்சி. வலிக்கும், அழுவா, விடக்கூடாது. விட்டா மறுபடி ஒட்டிக்கும். மோவாய் வளராம பின்னுக்கே நின்னுடும்."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா?"

"மெத்துனு சாப்பாடு, வாய்ப் பயிற்சி. பெரும்பாலும் அதுலயே சரியாகியிருக்கும்."

"வாயை ஆட்டாதே, தையல் பிரிஞ்சிடும்னு நானேதான் அதட்டி வச்சேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "பெத்தவளே பாவியாயிட்டேன்."

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"உங்க தப்பு இல்லம்மா. அன்னிக்கே தெரியும். நான் பாத்தேன், எழுதினேன். தச்சு அனுப்பின டாக்டர் அந்தத் தாளை மாத்திட்டாங்க."

அவர் அக்காவைச் சபிப்பார் என்று காத்திருந்தேன். என்னையே பார்த்தார்.

"நீ பாத்தியா?"

"ஆமா."

"பாத்துட்டு, ஸ்கேன் எடுத்தாங்களான்னு ஒரு வார்த்தை கேக்கல? நாலு மாசமா?"

நம்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரிடம் போய் அதைச் சொல்வது? டாக்டரம்மா போய் 'நீ' ஆகியிருந்தேன். நியாயம்தான்.

"புகார் எங்க குடுக்கணும்?"

"மாடியில, பெரிய டாக்டர்கிட்ட. நானே எழுதித் தர்றேன்."

"எழுது. அந்த டாக்டர் பொண்ணு பேரும் எழுது. உன் பேரும் எழுது."

எழுதினேன். வாசிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறினார். என்னைக் கூப்பிடவில்லை. பின்னாலேயே போனேன்.