ஏரிக்குள் இறங்கிய குவாலிஸ்

செத்துப்போன காசியம்மாள் எந்த ஊர்க்காரி என்பதில்தான் அத்தனை ரத்தமும் தொடங்கியது.

பிறந்தது சங்கேணிக்குப்பம். வாழ்க்கைப்பட்டது வெள்ளோடைக்குப்பம். தம்பி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று பிறந்த ஊருக்குப் போன கிழவி, திங்கட்கிழமை விடியலில் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்க ஊருக்கு ஊர் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பேர். முகத்துவாரத்தின் பக்கம், இறால் கொட்டுகிற இடத்தில் ஒரு நாள் இவர்கள், மறுநாள் அவர்கள். சாவு விழுந்த ஊர் அன்றைக்கு ஏரியில் இறங்காது. ஆனால் அதன் முறை அழியாது, மறுநாளைக்குத் தள்ளிப்போகும். திங்கட்கிழமைப் பாடு வெள்ளோடையுடையது. "எங்க ஊரு மருமவ செத்திருக்கா" என்று அவர்கள் வலையைத் தொடவில்லை. "சாவு எங்க ஊர்ல. உங்கள யாரு வூட்ல குந்த சொன்னது? உங்க முறை போனது போனதுதான்" என்றார்கள் சங்கேணிக்காரர்கள். செவ்வாய்க்கிழமை காலை இரண்டு ஊர்ப் படகுகளும் ஒரே தண்ணீரில் வந்து நின்றன.

வசந்தாவும் சங்கேணியில் பிறந்து வெள்ளோடைக்கு வந்தவள்தான். கரையில் பெண்களோடு பெண்ணாக நின்றிருந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. முந்தின நாள் வரை அவளிடம் கறிவேப்பிலை வாங்கிப் போன பச்சையம்மாகூட இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

முதலில் வசவுதான் பறந்தது. பிறகு யாரோ யாருடைய கழியையோ பிடுங்கி எறிந்தார்கள். அதற்கப்புறம் எது முதல், எது பிறகு என்று சொல்ல முடியாது. இடுப்பளவுத் தண்ணீரில் ஐம்பது அறுபது ஆண்கள். துடுப்பு மண்டையில் இறங்கும் சத்தம் கரைவரை கேட்டது. ஒருவனை இரண்டு பேர் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்த, மூன்றாமவன் அவன் முதுகில் ஏறி நின்றான். மீன் குத்துகிற ஈட்டி ஒன்று படகுப் பலகையில் குத்தி நின்று ஆடியது. வலையில் சிக்கிய ஒரு பையனை வலையோடு சேர்த்தே அடித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் அவள் இரண்டு பேரைத்தான் தேடினாள். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கண்டாள். தம்பி சகாதேவன் கையில் கழி. அவனுக்கு எதிரே கொழுந்தன் லோகநாதன், கையில் அரிவாள். சகாதேவன் தடுக்கக் கையைத் தூக்கினான். அரிவாள் முழங்கைக்குக் கீழே இறங்கியது. லோகநாதன் அதை இழுத்து எடுத்துவிட்டு மறுபடியும் ஓங்கினான். இந்தத் தடவை தோளில்.

வசந்தா கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. தண்ணீரில் இறங்கி ஓடினாள். தம்பியின் தலைமுடியைப் பற்றி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தபோது, வெள்ளோடைப் பெண்கள் வழிவிட்டு விலகினார்கள். உதவிக்கு ஒரு கை வரவில்லை.

"அக்கா, கை இருக்குதா பாரு" என்றான் சகாதேவன்.

"இருக்குது. வாயை மூடினு வா."

கை இருந்தது. எலும்பும் கொஞ்சம் தோலும் பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் கணவன் தேசப்பன் சண்டைக்குப் போகாத ஒரே ஆள். வீட்டுக்குப் பின்னால் குவாலிஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணம் முடிந்து சங்கேணியிலிருந்து அதில்தான் அவளை அழைத்து வந்தான். தாலி ஏறி இரண்டு மணி நேரம் ஆகவில்லை. பட்டுப் புடவையும் பயமுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை டொயோட்டா கம்பெனியின் கதையைத் தொடங்கினான்.

"இந்தக் கம்பெனிக்காரங்க மொதல்ல செஞ்சது காரு இல்ல, தெரியுமா? தறி! அம்மா தறியில ஒடம்பு நோவறதைப் பார்த்துட்டு ஒருத்தன் புதுத் தறி பண்ணான். நூல் அறுந்துச்சுன்னா அதுவா நின்னுடும். அந்த உரிமையை வெள்ளைக்காரன் கம்பெனிக்கு வித்தாங்க. அவன் புள்ள, எனக்கு காருதான் வோணும்னான். அமெரிக்கா வண்டி ஒன்னை வாங்கிப் பிரிச்சுப் போட்டுப் பார்த்துப் பார்த்து செஞ்சான்."

"ஓகோ" என்றாள் அவள்.

"அப்புறம் யுத்தம். ஜப்பானு தோத்துப்போச்சு. வண்டி விக்கல. ஆளைக் கொறைக்கப் போயி ஸ்டிரைக்கு. அந்தப் புள்ள தலைவர் பதவியையே வுட்டுட்டு வூட்டுக்குப் போய்ட்டான். அதுக்கப்புறம்தான் பேரு வந்துச்சு. இன்னிக்கு பாலைவனத்துல துப்பாக்கி தூக்கினு சண்டைக்குப் போறவன்கூட இவன் வண்டிதான் வோணும்னு நிக்கிறான். ஒல்லாந்துக்காரன் காலத்துல நம்ம பழவேற்காட்டுத் துணி ஜப்பானுக்குக் கப்பல்ல போச்சாம். அதுக்கு பதிலாத்தான் இப்ப நமக்கு வண்டி வந்துகீது."

பின் சீட்டிலிருந்து லோகநாதன் தலையை நீட்டினான். "அண்ணி, ஒனக்கு ஒரு சக்களத்தி கீதுன்னு சொல்லாமயே கட்டி வெச்சுட்டாங்க. நாலு சக்கரம் வேற." அவள் அந்த ஊருக்குள் நுழையும்போது சிரித்துக்கொண்டே நுழைந்தாள் என்றால் அதற்குக் காரணம் அவன்தான். அது ஆறு வருஷத்துக்கு முந்தின கதை.

வண்டிக்கு வயது ஆகிவிட்டது. கம்பெனியே அந்த மாடலை நிறுத்திவிட்டது. பெட்டி மாதிரி இருக்கிறது என்று முன்பு சிரித்தவர்கள் எல்லாம் பிரசவத்துக்கும் பிணத்துக்கும் தேசப்பன் வண்டியைத்தான் கூப்பிட்டார்கள். "அது கெளம்பிச்சுன்னா நிக்காது" என்பது ஏரியைச் சுற்றி எல்லாக் குப்பத்திலும் பேச்சு.

ரத்தத்தைப் பார்த்ததும் தேசப்பன் துணியைக் கீழே போட்டான்.

"யாரு வெட்டினது?"

"ஒன் தம்பி."

தேசப்பன் மச்சானைத் தூக்கி, இறால் பெட்டி வைப்பதற்காகச் சீட்டைக் கழற்றியிருந்த நடுத்தளத்தில் கிடத்தினான். வசந்தா முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டினாள். தோள் வெட்டை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தாள். அதற்குள் வெளியே தெருமுனையில் டயர் எரிகிற நாற்றம் வந்துவிட்டது. பாலம் தாண்டிப் பழவேற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரே ரோட்டை ஊரே மறித்திருந்தது. சங்கேணிக்காரன் ஒருவனும் உயிரோடு தாண்டக் கூடாது என்று கட்டளை. ஏற்றிப் போகிறவன் ஊரைவிட்டுத் தள்ளி வைக்கப்படுவான்.

ஆதிநாராயணன் வாசலில் வந்து நின்றார். ஊர்ப் பெரியதனக்காரர். நெற்றியில் அவருக்கும் ரத்தம்.

"தேசப்பா, சாவியைக் குடு."

"மச்சான் சாவறான், நைனா."

"நம்ம பக்கம் ரெண்டு பேரு செத்துட்டானுங்க. மச்சானாம் மச்சான். சாவியைக் குடுடா."

தேசப்பன் பானெட்டைத் திறந்து குனிந்தான். வண்டியை ஓடாமல் பண்ணுகிறான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவன் நிமிர்ந்தபோது கையில் கறுப்பு பெல்ட் இருந்தது. ரேடியேட்டர் விசிறியைச் சுற்றுகிற பெல்ட். அதைக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினால் விசிறி தண்ணீரை வாரி இன்ஜின் மேல் அடிக்கும். வசந்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இவன் பாலத்துக்குப் போகப்போவதில்லை. ஏரிக்குள் போகப்போகிறான்.

வண்டி பின்வேலியைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஆதிநாராயணன் விட்டெறிந்த கல் பின் கண்ணாடியை உடைத்து உள்ளே விழுந்தது. அடுத்த கல் சகாதேவனின் காலில் விழுந்தது. அவன் கத்தவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

எருமைகள் அக்கரைக்குக் கடக்கும் தடம் ஒன்று உண்டு. கீழே சிப்பி படிந்து இறுகிய தரை. கோடையில் தொடையளவுத் தண்ணீர்தான். தடத்தைவிட்டு ஒரு முழம் விலகினால் சேறு. தேசப்பன் முதல் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினான்.

"வசந்தா, நல்லா கேளு. நான் காலை எடுத்தேன்னா பொக வர்ற கொழாயில தண்ணி ஏறிடும். வண்டி நின்னுடும். இன்னா ஆனாலும் நான் எறங்க மாட்டேன்."

"நீ ஓட்டு."

தண்ணீர் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. வந்த வேகத்தில் சிவந்தது. இடதுபுறம் சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு படகு எரிந்தது. வண்டியைப் பார்த்து இரண்டு ஊர்க்காரர்களும் வைதார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் எறிந்தார்கள். ஒரு துடுப்பு வந்து முன் கண்ணாடியில் மோத, கண்ணாடி முழுக்க விரிசல் ஓடியது. தேசப்பன் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினான். காதோரம் கிழிந்து ரத்தம் சட்டைக்குள் வழிந்தது.

பாதி தூரத்தில், வலை கட்டும் கழி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி ஒருவன் நின்றிருந்தான். சுற்றிலும் தண்ணீர் இருண்டிருந்தது.

லோகநாதன்.

தேசப்பன் கிளட்சை மிதித்தான். வண்டி நின்றது. ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுக்கவில்லை. இன்ஜின் அலறியது.

"கதவைத் தெற" என்றான்.

"மாட்டேன்."

"தொடையில ஈட்டி குத்திகீது. பாரு."

"பார்த்தேன். என் தம்பியை அவன் ரெண்டு வாட்டி வெட்டினான்யா. ஒரு வாட்டி இல்ல, ரெண்டு வாட்டி. அதையும் பார்த்தேன். இவனை ஏத்தினா நான் எறங்கிடுவேன்."

தேசப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. உள்கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. "நான் எறங்க முடியாது வசந்தா. நீ தெறக்கலைன்னா அவன் இங்கதான். நான் கெளம்பிடுவேன். சொல்லு."

கிளம்பிவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் சொன்னால் சொந்தத் தம்பியை ஏரியில் விட்டுவிட்டு அக்கரைக்குப் போவான். அதற்கப்புறம் ஒரே வீட்டில் ஒரே பானையில் சோறு பொங்கிச் சாப்பிட வேண்டும். அவனோடு. எத்தனை வருஷம்?

"அண்ணி" என்றான் லோகநாதன். அவ்வளவுதான் சொன்னான்.

ஒரு கையைத் தம்பியின் தோளிலேயே வைத்துக்கொண்டு மறு கையால் கதவைத் தள்ளினாள். லோகநாதனின் முடியைப் பற்றி, வலையை இழுப்பதுபோல இழுத்தாள். பாதி உடம்பு உள்ளே வந்ததும் வண்டி நகர்ந்தது. மீதி உடம்பு தண்ணீரில் இழுபட்டு, படியில் அடிபட்டு உள்ளே வந்தது. அவன் தொடையிலிருந்து ரத்தம் துடித்துத் துடித்துப் பீய்ச்சியது. அதை நிறுத்த ஒரு கை வேண்டும். அவளுக்கு இருந்தவை இரண்டு. ஒன்றை விட்டதற்கே சகாதேவனின் தோள் திறந்துகொண்டிருந்தது; இரண்டையும் மறுபடி அங்கேயே அழுத்தினாள்.

வலது காலைத் தூக்கினாள். குதிகாலை அந்தக் காயத்துக்கு மேலே வைத்து மிதித்தாள்.

லோகநாதன் போட்ட கூச்சலில் சகாதேவன் கண் திறந்தான்.

"யாருக்கா அது?"

"ஒன்னை வெட்டினவன்."

"இங்க இன்னா பண்றான்?" அவன் நல்ல கையை நீட்டி லோகநாதனின் கழுத்தைத் தேடினான். விரல்கள் குரல்வளையை எட்டிப் பிடித்தன. பிடியில் வலுவில்லை என்றாலும் லோகநாதன் மூச்சுக்குத் திணறினான். அவள் தடுக்கவில்லை. தடுக்கக் கையும் இல்லை. தானாகவே அந்த விரல்கள் தளர்ந்து விழுந்தன.

அவள் மிதித்தாள். தம்பியின் எலும்பு தெரிந்த கையைப் பார்த்தாள். இன்னும் ஓங்கி மிதித்தாள். சிரித்துக்கொண்டு அந்த ஊருக்குள் நுழைந்ததை நினைத்தாள். உடம்பின் கனம் முழுவதையும் குதிகாலில் இறக்கினாள். சதைக்குள் எலும்பு தட்டுப்பட்டது. "கொன்னுடு அண்ணி, ஒரேயடியா கொன்னுடு" என்று அவன் அழுதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைத் திருகினாள்.

ரத்தம் பீய்ச்சுவது நின்றிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

ஒல்லாந்துக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் வண்டி கரையேறியது. சேறும் பாசியும் வழிய, பெல்ட் இல்லாத இன்ஜின் சூடேறி ஆவி கக்க, பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஹாரன் அடித்தபடியே ஓடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. சகாதேவனை முதலில் இறக்கினார்கள். மார்கரெட் என்ற நர்ஸ் உள்ளே ஏறி, "காலை எடும்மா" என்றாள். வசந்தாவுக்கு எடுக்க வரவில்லை. தொடை மரத்துப்போயிருந்தது. நர்ஸ் அவளுடைய குதிகாலுக்கு அடியில் தன் கையை நுழைத்து அழுத்திப் பிடித்த பிறகுதான் இன்னொருவர் அவள் காலைத் தூக்கி நகர்த்தினார்.

சகாதேவனின் கையைச் சென்னையில் எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது. லோகநாதனுக்கு உயிரும் காலும் மிஞ்சின. போலீஸ் காவலோடு கட்டிலில் கிடந்தவன், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்: "அண்ணி என்னை மிதிச்சே கொல்லப் பார்த்துச்சு. வேணும்னா தொடையைப் பாருங்க." குதிகால் அளவுக்குக் கன்றிப்போன கறுப்பு வட்டத்தைக் காட்டினான். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, அந்த வட்டம் இல்லையென்றால் கரைக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டாய் என்றார். அவன் நம்பவில்லை.

வெள்ளோடை அவர்களைத் தள்ளி வைத்தது. சங்கேணியும் சேர்த்துக்கொள்ளவில்லை. வெட்டினவனையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனவளுக்கு அங்கே என்ன வேலை? பழவேற்காட்டில் ஒற்றை அறை ஒன்று பிடித்தார்கள். எட்டாம் நாள் மத்தியானம், கண்ணாடி இல்லாத குவாலிஸின் தரையை இருவருமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது வசந்தா நிறுத்தினாள்.

"அவன் சொல்றது நெஜம்தான்" என்றாள். "காப்பாத்தணும்னு நான் மிதிக்கல."

"தெரியும்."

"எப்டித் தெரியும்?"

"கண்ணாடியில ஒன் மொகத்தைப் பார்த்தேன்."

அவள் தேங்காய் நாரை வாளியில் போட்டாள். "பார்த்துட்டா சும்மா ஓட்டினு வந்தே? ஒன் தம்பியாச்சே. ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

தேசப்பன் வாளியைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினான். சிவப்பு இன்னும் லேசாக வந்துகொண்டிருந்தது.

"இன்னா சொல்றது?" என்றான். "நீ காலை எடுக்கலியே."