இட்லிக் குண்டான் காட்சி

மூன்று நாள் அமைதியின் விலை ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய், சாப்பாடு உள்பட. வடசென்னை டோல்கேட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் மகிமாவுக்கு அது மலிவாகத்தான் பட்டது. எவர்சில்வர் குடம் ஒன்று உருண்டு விழாத அரை மணி நேரத்தை அவள் கல்யாணமான நாளிலிருந்து கண்டதில்லை. இருந்தாலும் சொன்ன விலைக்கு வாங்கினால் குடும்பத்துக்கே இழுக்கு என்று போனிலேயே ஐந்நூறைக் குறைத்தாள். கல்லாவில் கணவன் ரெஜியை உட்காரவைத்துவிட்டு, காட்டுப்பள்ளிக்கு அப்பால் உப்பங்கழி ஓரத்துச் சிற்றூரில் நடந்த திரைக்கதை முகாமுக்கு வந்துசேர்ந்தாள்.

முகாமை நடத்தியவர் செல்வநாதன். ராயபுரத்துக்காரர், படங்களுக்குக் கதை எழுதியே தலை நரைத்தவர். வந்திருந்தவர்களில் ஒருவருடைய திரைக்கதையை மட்டும் கடைசி நாளன்று தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே தயாரிப்பாளரிடம் சேர்ப்பார். மகிமா எழுபத்திரண்டு காட்சிகளோடு வந்திருந்தாள். அவள் உயிரை வைத்திருந்தது ஒன்றில்தான்.

வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத புருஷனும் பெண்டாட்டியும் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வருகிறார்கள். அவர் கடைக்காரியிடம் பேசுகிறார்; அவளும் கடைக்காரியிடம்தான் பேசுகிறாள். ஓர் இட்லிக் குண்டானுக்கு விலை படியாமல் இழுத்துக்கொண்டே போக, கடைக்காரியை எதிர்த்து இருவரும் தங்களை அறியாமல் ஒரே கட்சி ஆகிவிடுகிறார்கள். பெண்டாட்டி அவர் பக்கம் திரும்பி, "இன்னும் அம்பது கொறைக்கச் சொல்லுங்க" என்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

அதைக் காப்பாற்ற மகிமா ஒரு வேலை செய்திருந்தாள். எதைக் காட்டினாலும் குறைத்துக் கேட்காத மனுஷன் உண்டா? ஆகவே குறைப்பதற்கென்றே பதினோரு காட்சிகளை ஏற்றி வைத்திருந்தாள். கண்டெய்னர் யார்டில் கத்திச் சண்டை, மழையில் கத்திச் சண்டை, பாக்சிங் மேடைக்குப் பின்னால் கத்திச் சண்டை. செல்வநாதன் அவற்றை வெட்டுவார், வெட்டிய திருப்தியில் குண்டானைத் தொடமாட்டார் என்பது அவள் நினைப்பு.

கடைசி நாள் மத்தியானம் அவர் அவளுடைய திரைக்கதைக் கட்டைப் புரட்டி மூடினார். "கத்தி சீன் அத்தனையும் இருக்கட்டும்மா. பின்னிக்கீறே."

மகிமா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏற்றிச் சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டும் ஆளை அவள் கடையில் யாரும் நம்புவதில்லை.

"அந்த இட்லிக் குண்டான் மட்டும் வேணாம். ஆறு நிமிஷம் பேரம் பேசிகினு கீறாங்க. ஒண்ணுமே நடக்கல. ஜனம் எழுந்து பூடும்."

"சார், நான் பொறந்ததுலேர்ந்து டோல்கேட்ல கீறேன். என் கடைக்கு வந்த கத்தியெல்லாம் காய் நறுக்கத்தான் போச்சு."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். படம் பார்க்க வர்றவனுக்கு வடசென்னைன்னா கத்தி."

"அப்போ எனக்குக் கட்டுப்படியாகாது சார்." கட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். எழுந்தாள். செருப்பை ஒரு காலுக்கு மாட்டி, வாரைச் சரிசெய்து, மறு காலுக்கு மாட்டினாள். இப்படி எழுந்து போகிறவர்களை ஆயிரம் தடவை அவளே திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். வாசப்படியில் கூப்பிடவில்லை. முருங்கை மரத்தடியில் கூப்பிடவில்லை. கேட்டில் கை வைத்தபோதும் பின்னால் சத்தமில்லை. நிஜமாகவே போகவேண்டியதாகிவிடுமோ என்று முதல்முறையாகத் தோன்றியது. என்றாலும் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"இந்தாம்மா, நில்லு." செல்வநாதன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஒரு நிமிஷத்துல அந்த சீனை முடி."

"ஒரு நிமிஷத்துல குண்டானுக்கு மூடி கூடப் பார்க்க முடியாது. அஞ்சரை."

"ரெண்டு. அதுவும் ஒம்மொகத்துக்காக."

"எம்மொகத்துக்குப் பத்தே தரலாம். அஞ்சேகால்."

"இன்னாம்மா கால் காலா எறங்கறே? நான் காசிமேட்டு ஏலத்துல வளர்ந்தவன்."

"அதான் சார் பழைய மீனையும் புது மீனையும் ஒரே கூடையில கொட்டுறீங்க."

அவர் ரெண்டரைக்கு ஏறினார். அவள் அஞ்சுக்கு இறங்கி அங்கேயே நின்றாள். அவர் கோபித்துக்கொண்டு உள்ளே போவதுபோலப் போனார். அவளும் கேட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்தாள். இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

அப்போதுதான், படியில் உட்கார்ந்திருந்த கரோலின் வாயைத் திறந்தாள். அவளும் முகாமுக்கு வந்தவள்தான், துறைமுகத்தில் கிளார்க். "சார், அரை மணி நேரமா ரெண்டு பேரும் பேரம் பேசிகினுதான் கீறீங்க. உள்ள எறா வறுவல் ஆறிப்போச்சு. ஒரு ஆள் எழுந்து போகல பாருங்க."

செல்வநாதன் பார்த்தார். முகாம் மொத்தமும் தட்டும் கையுமாகப் படியில் வரிசை கட்டியிருந்தது. சமையல்காரர் லட்சுமணன் கரண்டியோடு நின்று, "சார் நாலு சொல்லியிருக்கணும், முடிஞ்சிருக்கும்" என்றார்.

செல்வநாதனுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்து முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஆறும் வெச்சிக்கோ. நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன். கத்தி ஒண்ணாவது விட்டுவைம்மா, நான் தயாரிப்பாளர் மூஞ்சில முழிக்கணும்."

"அது கொசுறு சார். எடுத்துக்குங்க."

ஆறிப்போன எறாவைத் தின்றுகொண்டே மகிமா கட்டின் கடைசிப் பக்கத்தில், கடை வழக்கப்படி எழுதினாள்: கொண்டுவந்தது எழுபத்திரண்டு. கழிவு பத்து. நிற்பது அறுபத்திரண்டு, கொசுறு ஒன்று உள்பட. கரோலினிடம் கடன் வாங்கிய வசனம் ஒன்று ('ஒரு ஆள் எழுந்து போகல'), பாக்கி.