பன்னிரண்டு மணி நேர விதி

ஹோரஸ் பின்னக்கின் மேசையில் ஆவிகளுக்கென்று இரண்டு இழுப்பறைகள் இருந்தன. மேலே இருந்தது ஏற்றுக்கொண்டவற்றுக்கு. கீழே இருந்தது தள்ளுபடிக்கு. மேல் இழுப்பறை ஒரு விரலால் இழுத்தால் வரும். கீழே உள்ளதைத் திறக்க மேசையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுக்க வேண்டும், அவ்வளவு நெரிசல்.

பின்னக் கேம்பிரிட்ஜில் தர்க்கம் கற்பித்தார். வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை, கல்லூரிக்குள்ளேயே ஜாகை. எட்டு வருஷத்துக்கு முன் அவரும் இன்னும் சில பேராசிரியர்களும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். சாகிறவர்கள் வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்று பாதி நாடு சொல்கிறது, கிடையாது என்று மீதி நாடு சொல்கிறது, இரண்டு தரப்பும் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை, நாம் எண்ணிவிடுவோம் என்பது அவர்கள் கட்சி. அச்சடித்த படிவம் ஊர் ஊராகப் போயிற்று. அதில் பிரதானமாக ஒரே கேள்வி: முழு விழிப்பில் இருக்கும்போது, அங்கே இல்லாத ஒருவரை இருப்பதாகக் கண்டதுண்டா? பாதிரியார்கள், பள்ளி ஆசிரியைகள், கப்பல் மாலுமிகள் என்று பத்தாயிரம் பேருக்கு மேல் பதில் போட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் இல்லை என்றார்கள். உண்டு என்றவர்கள் எல்லாரும் பின்னக்கின் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

விதிகளைப் போட்டவரும் அவர்தான். உருவம் தெரிந்ததிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அந்த ஆள் செத்திருக்க வேண்டும். ஒரு முழு நாள் விடலாமே என்று கமிட்டியில் ஒருவர் இளகிய மனதோடு சொன்னபோது பின்னக் எழுந்து முக்கால் மணி நேரம் பேசினார். இன்றைக்கு ஒரு நாள் விட்டால் நாளைக்கு ஒரு வாரம் கேட்பார்கள், எல்லாரும் என்றாவது சாகத்தான் போகிறார்கள், அப்புறம் நம் ஆராய்ச்சி நூற்றுக்கு நூறு நிரூபணம் ஆகிவிடும் என்றார். பன்னிரண்டு நிலைத்தது. அடுத்த விதி, சாவுச் செய்தி வருவதற்கு முன்பே கண்டதை யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது விதியில் அவருக்குத் தனிப் பெருமை. செய்தி தானாக வர வேண்டும். கெடு முடியும் வரை கண்டவர் போய் விசாரிக்கக் கூடாது. "விசாரிக்கப் போறவன் சாட்சி இல்ல, சொந்தக்காரன்" என்று அவர் சொன்னதைக் கமிட்டி நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றினார்கள்.

அவர் அறையைக் கூட்டிப் படுக்கை போடும் மிஸஸ் டாபிட்டின் படிவமும் கீழ் இழுப்பறையில்தான் கிடந்தது. அவள் கணவன் ஏலி ஸ்டேஷனில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் வேலையில் நசுங்கிச் செத்த அன்று, சாயங்காலம் நாலு மணிக்கு, அவன் வீட்டுப் பின்கட்டில் நின்று பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். யாரிடமாவது சொன்னீர்களா என்று பின்னக் கேட்டார். பூனையிடம் சொன்னதாகச் சொன்னாள். "பூனை கையெழுத்துப் போடாது, மிஸஸ் டாபிட்" என்றார் அவர். சிரிக்காமல் சொன்னார், ஏனென்றால் அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. அவள் தலையாட்டிவிட்டுச் சாம்பல் அள்ளப் போனாள்.

அதற்கும் அடியில் இன்னொரு படிவம். அது அவர் அக்கா லெட்டியுடையது. நாலு வருஷத்துக்கு முன் அவர்கள் அம்மா நார்விச்சில் இறந்த மாலை, கிங்ஸ் லின்னில் தன் வீட்டு மாடிப்படியில் அம்மாவைக் கண்டதாக லெட்டி சொன்னாள். பின்னக் சவ அடக்கத்துக்கு வரும்போதே படிவத்தோடு வந்தார். அடக்கம் முடிந்து, பந்தியில் பன்றித் தொடையை அறுக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார். என்ன உடுப்பு, எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தக் கடிகாரம், அந்தக் கடிகாரத்தைக் கடைசியாகத் திருத்தியது யார். பதினொரு கேள்விக்கு அவள் பதில் சொன்னாள். பன்னிரண்டாவதில் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஹோரஸ், நான் உனக்கு சாட்சி இல்லடா. அக்கா."

சாட்சி மேற்கொண்டு ஒத்துழைக்கவில்லை என்று அவர் படிவத்தில் எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான். ஒவ்வொரு கோடையிலும் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பார், ஒவ்வொரு கோடையிலும் படிவங்கள் வந்து குவிந்துவிடும். ரொட்டி பிசையும் பலகையில் மாவைத் தூவி, அதில் அவர் விரலைப் பிடித்து முதல் எழுத்து எழுதப் பழக்கியவள் லெட்டி. அவளைவிட நெருக்கமானவர் அவருக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் படிவத்தில் இடமும் கிடையாது.

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை. காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடிக்குள், தனக்குப் பின்னால், கை கழுவும் மேசை பக்கத்தில் லெட்டி நிற்பதைப் பார்த்தார். பச்சைக் கட்டம் போட்ட வீட்டு உடுப்பு. வலது கை முழங்கை வரை மாவு. ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி நின்றாள். பின்னக் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி பத்து நிமிஷம். அப்புறம் திரும்பி அக்காவைப் பார்த்தார். அதற்குள் அக்கா இல்லை.

அரை முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினார். கூட்டிக்கொண்டிருந்த மிஸஸ் டாபிட்டைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். எதிர் அறைக்காரர் ஒக்லியைக் கதவைத் தட்டி எழுப்பினார். ஒக்லி கணக்கு விரிவுரையாளர். எதையும் நம்பாதவர் என்பதால் சங்கத்தில் அவருக்கு நல்ல மரியாதை. ராத்திரித் தொப்பியோடு எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார். பின்னக்கின் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து, தாளின் ஓரத்தில் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவங்க சாகுறதுக்கு வயசையும் சேர்த்துப் பாத்தா முப்பதாயிரத்துல ஒரு வாய்ப்பு. நிம்மதியா சாப்பிடப் போங்க."

பின்னக் சாப்பிடப் போகவில்லை. தபாலாபீஸ் திறந்ததும் போய், தாளை உறையில் போட்டு லண்டனில் இருக்கும் சங்கச் செயலாளருக்கு அனுப்பினார். முத்திரையில் நேரம் விழுந்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது. பக்கத்து ஜன்னல் தந்தி ஜன்னல். அங்கே இருந்த குமாஸ்தா, தந்தியும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டான். பின்னக் ஒரு நிமிஷம் நின்றார். நலமா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் கேட்டு வாங்கிய செய்தி தானாக வந்த செய்தி ஆகாது. வேண்டாம் என்றார்.

பத்து மணிக்கு வகுப்பு எடுத்தார். தவறான முடிவுக்கு மனிதன் எப்படி வருகிறான் என்பது அன்றைய பாடம். பாடம் நன்றாகவே போயிற்று. மதியம் அறையில் ஆட்டுக்கறியை முன்னால் வைத்துக்கொண்டு, மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம் தந்திக்காரனோ என்று நிமிர்ந்தார். அப்போதுதான் தன்னைப் பற்றி ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்தது. அக்கா நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த அதே மனசு, இவ்வளவு சுத்தமான கேஸ் இதுவரை கையில் வந்ததில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அருவருப்பையும் குறித்து வைத்தார்.

மூன்று மணிக்கு மிஸஸ் டாபிட் தட்டை எடுக்க வந்தாள். தொடாத கறியைப் பார்த்தாள்.

"ஐயா, அக்கா வீட்டுக்கு ரயில்ல எம்புட்டு நேரம்?"

"ஒண்ணே முக்கால் மணி."

"காலை வண்டியில போயிருந்தா, பாத்துட்டு, டீயும் குடிச்சிட்டு, இந்நேரம் திரும்பியிருப்பீங்க."

போனால் கேஸ் கெட்டுவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். மூன்றாவது விதியையும் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரப் பாத்தப்ப, செத்துட்டாருன்னே நெனச்சு நான் பின்கட்டுலயே உக்காந்துட்டேன். ஆறு மணி வரைக்கும் உசுரு இருந்துச்சாம். அப்புறந்தான் சொன்னாங்க. அது உங்க தாள்ல இல்ல. நீங்க கேக்கல."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னக் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, வேகமாக, கிட்டத்தட்ட ஓடி, ஸ்டேஷனுக்குப் போனார். லின்னுக்கு டிக்கெட் எடுத்தார். நாலே கால் வண்டி வந்து நின்றது. கார்டு கதவைத் திறந்து பிடித்தான்.

கெடு முடிய இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றியதை, இந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் கெடுத்துக்கொள்வதா? அவர் தலையசைத்தார். கார்டு கதவைச் சாத்தினான். வண்டி அவர் இல்லாமல் போயிற்று. பின்னக் பிளாட்பார பெஞ்சில் டிக்கெட்டை ஒரு கையிலும் கடிகாரத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போர்ட்டர் இரண்டு தடவை வந்து, அடுத்த லின் வண்டி ஆறு இருபத்தைந்துக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். தெரியும் என்றார்.

ஆறு பத்து ஆயிற்று. செய்தி ஒன்றும் வரவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் இதற்குள் தந்தி வந்து, கல்லூரியிலிருந்து யாராவது தேடி வந்திருப்பார்கள். கெடு முடிந்தது. இனி அவர் சாட்சி இல்லை, யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம். கனமான கோட்டைக் கழற்றிப் போட்ட மாதிரி இருந்தது. கேஸ் வீணாகிவிட்டதில் ஒரு பொட்டு வருத்தமும் இல்லை என்பதைக் கண்டுபிடித்து அவரே ஆச்சரியப்பட்டார். ஸ்டேஷன் கடையில் இஞ்சி பிஸ்கட் ஒரு டப்பா வாங்கினார், லெட்டிக்குப் பிடிக்கும். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். அக்கா, நீ சொன்னதுதான் சரி. இல்லை, அது ரொம்பச் சுருக்கம். அக்கா, அன்றைக்கு நான் அந்தப் பன்னிரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. மற்ற பதினொன்றும்கூட. ஏலியில் வண்டி நின்றபோது ஆறு ஐம்பது. வயல்களுக்கு மேல் நல்ல வெயில் இருந்தது. பல வருஷங்களாக அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

எட்டேகாலுக்கு லெட்டி வீட்டுக் கதவைத் தட்டினார். வெளிச்சம் இன்னும் போகவில்லை, ஆனால் மாடியில் திரைகள் எல்லாம் இழுத்துவிடப்பட்டிருந்தன. வீட்டு வேலைக்காரி ஹெஸ்டர் கதவைத் திறந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவரைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

காலையில் ஆறு மணி வாக்கில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த லெட்டி அப்படியே சரிந்துவிட்டாளாம். மார்வலி. டாக்டர் வந்து பார்த்து, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, சொந்தக்காரர்களைக் கூப்பிடுங்கள் என்றாராம். நாள் முழுக்க நினைவு தெளிவாக இருந்ததாம், பேச்சும் தெளிவாக இருந்ததாம்.

"ஏன் தந்தி குடுக்கல?" என்று பின்னக் கேட்டார்.

"நான் கெளம்பினேங்க. வேணாம்னுட்டாங்க. ஹோரஸ்கிட்ட நான் காலையிலயே சொல்லியாச்சு, அவனுக்குத் தெரியும், வந்துடுவான்னாங்க." ஹெஸ்டர் ஏப்ரன் துணியால் முகத்தைத் துடைத்தாள். "நம்ம வீட்டுக்குப் பின்னாடி ரயில் பாதைங்களே. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கண்ணத் தெறந்து பாத்தாங்க. கேம்பிரிட்ஜ்லேருந்து நாலே கால் வண்டி, ஆறு மணிக்கு வந்துச்சே, அதுலதான் வருவீங்கன்னு தலையச் சீவிவிடச் சொன்னாங்க."

"எத்தன மணிக்கு?"

அவர் அதைக் கேட்க நினைக்கவில்லை. பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"ஆறு அம்பது. சமையக்கட்டுக் கடிகாரம். கோயில் மணியோட ஒத்துப் பாத்து வச்சது, சரியா இருக்கும்."

பின்னக் மாடிக்குப் போனார். லெட்டியின் தலை நன்றாகச் சீவியிருந்தது. வலது கையைக் கழுவிவிட்டிருந்தார்கள், நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் மாவு இருந்தது. அவர் பிஸ்கட் டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து அழுதார். மணி பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து கேம்பிரிட்ஜ் திரும்பியதும் படிவத்தை எடுத்தார். ஒக்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. மாவு, உடுப்பு, ஆறு மணி, எல்லாம் பொருந்துகிறது, இரண்டு சாட்சி, தபால் முத்திரை, எட்டு வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை என்றார். கண்டதிலிருந்து சாவு வரை பன்னிரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம்தானே அதிகம், கமிட்டியில் சொல்லிப் பதின்மூன்றாக ஆக்கிவிடலாம், தானே பேசுவதாகவும் சொன்னார்.

"வேண்டாம்" என்றார் பின்னக். "அப்புறம் ஒரு நாள் கேப்பாங்க."

தள்ளுபடி என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் நாற்பது நிமிஷம் என்று எழுதினார். ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது. செய்தி வருமுன் கண்டதை யாரிடமாவது சொன்னீர்களா? இரண்டு பேரிடம் சொன்னேன், அவளிடம் போகவில்லை என்று அதில் எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கடைசி இரண்டு வார்த்தைகளையும் அடித்தார். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். அடித்த பிறகும் அவற்றை நன்றாகப் படிக்க முடிந்தது. அவர் வேறு தாள் எடுக்கவில்லை. மேசையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கீழ் இழுப்பறையைத் திறந்து, லெட்டியின் தாளைத் தேடி எடுத்து, அதன் மேல் தன்னுடையதை வைத்தார்.