சிவப்புத் தண்டுக் கொடி

“அம்மா, சின்னம்மா கிழங்கு மட்டும் ஏம்மா இனிக்குது?”

தெலினாவின் மகன் நான்கு வயதில் கேட்ட கேள்வி அது. சக்களத்தி வீட்டு நெருப்பில் சுட்ட கிழங்கை, வாயோரம் சாம்பல் ஒட்டத் தின்றுகொண்டே கேட்டான். தெலினா அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவன் இப்போது வளர்ந்து மலைக்குக் கீழே நகரத்தில் படிக்கிறான். கேட்டதை எப்போதோ மறந்திருப்பான். அவள் மறக்கவில்லை. இன்று அந்தச் சக்களத்தியின் சாவுக்காக, அவள் தோட்டத்திலேயே குனிந்து கிழங்கு தோண்டும்போதும் அதுதான் காதில் கேட்டது.

ஊர் வழக்கப்படி செத்தவளின் பாத்திகளில் இருப்பதையெல்லாம் தோண்டி, சுட்ட கற்கள் அடுக்கிய குழியில் வேகவைத்து, வந்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும். கொடிகள் பன்றிகளுக்கு.

“மண்ணைப் பாத்தியா அண்ணி, கை வச்சா முழங்கை வரைக்கும் எறங்குது” என்றாள் நாத்தனார் யூமினா. “உன் தோட்டத்துல கம்புதான் ஒடையும், மண்ணு ஒடையாது.”

“வருஷா வருஷம் ஒருத்தன் வாய்க்கா வெட்டி, சேத்தை வாரி மேல போட்டா எந்த மண்ணும் எறங்கும்.”

யூமினா சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

வாய்க்கால் ஆண்கள் வெட்டுவது. பெண்கள் நடுவார்கள். புருஷன் லேனியுஸ் முதலில் சக்களத்தி ஓர்பாவின் தோட்டத்தில் இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டுவான். பிறகு முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே தெலினாவின் தோட்டத்துக்கு வருவான். அங்கே கணுக்காலோடு நின்றுவிடும். மழை பெய்தால் அவள் பாத்திகளில் தவளை கத்தும். இத்தனைக்கும் அவள்தான் முதல் தாரம். ஓர்பா பின்னால் வந்தவள், தெலினா வீட்டுக்கு அவன் பரிசமாகக் கொடுத்ததைவிட மூன்று பன்றி கூடுதலாகக் கொடுத்துக் கட்டிக்கொண்டு வந்தவள்.

நோயிலும் அவளுக்குத்தான் கூட்டம். இருமல் நெஞ்சில் இறங்கியதும் ரேடியோவில் பேசி விமானம் கேட்டார்கள். மூடுபனியில் விமானம் இறங்க முடியவில்லை. ஓர்பாவைத் தூக்கிக்கொண்டு போய் ஓடுதளத்தின் ஓரத்தில் படுக்கவைத்து, ஊரே சுற்றி உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது. தெலினாவும்தான் பார்த்தாள். ஆனால் மனதுக்குள் ஓடியது வேறு. பிள்ளை கலைந்து நான் காய்ச்சலில் கிடந்தபோது யார் ரேடியோவில் பேசினார்கள்? அப்போது ஊரில் ரேடியோவே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தால் வயிறு எரியாமல் இருந்துவிடுமா?

பனி விலகி வானம் வெளுத்தபோது ஓர்பாவுக்கு விமானம் தேவைப்படவில்லை.

எத்தனை எரிந்தாலும் தெலினாவிடம் ஓர் ஆறுதல் இருந்தது. வானம் நட்சத்திரமாகக் கொட்டிய ராத்திரிகளில் உறைபனி விழுந்து மேட்டுத் தோட்டங்களெல்லாம் கருகிய வருஷம். ஓர்பாவின் தோட்டம் சரிவில் இருந்ததால் பாதி தப்பியது. தெலினாவுக்கு நடுவதற்கு ஒரு முழம் கொடிகூட மிஞ்சவில்லை. லேனியுஸ் உணவு தேடிக் கணவாய் தாண்டிப் போயிருந்தான். அவன் திரும்பிய மறுநாள் காலை அவள் வேலியில் ஒரு கட்டுக் கொடி தொங்கியது. ஈரப்பாசியில் சுற்றிய, சிவப்புத் தண்டுள்ள கொடி. “நீதானே கொண்டாந்தே?” என்று அவள் கேட்டதற்கு அவன் தாடியைச் சொறிந்து சிரித்தான். அன்றே போய் ஓர்பாவின் வேலியையும் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே எதுவும் தொங்கவில்லை. வாய்க்கால் எப்படிப் போனால் என்ன? அந்தச் சிரிப்பு தன்னுடையது என்று இத்தனை வருஷமாக வைத்திருந்தாள்.

மதியம் குழி திறந்தார்கள். ஆவி அடங்கியதும் இலைகளை விலக்கிப் பங்கு வைத்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் ஒரு பை கிழங்கு கொடுப்பது வழக்கம். தெலினாவும் கொடுத்திருந்தாள். கணவாய்க்கு அப்பாலிருந்து வந்திருந்த ஓர்பாவின் அண்ணன் யெரினுஸ் ஒரு கிழங்கை உடைத்து, பாதி மென்று, நிறுத்தினான்.

“இது எங்க பக்கத்துக் கிழங்காச்சே! யாரு தோட்டத்துது?”

“என்னுது.”

“அப்ப பொழைச்சுக்கிச்சா!” அவன் முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தான். “பனி விழுந்த வருஷம் தங்கச்சி வந்து என் பொண்டாட்டி தோட்டத்துல ஒரு சுமை கொடி வெட்டிக்கிட்டுப் போனா. வயித்துல இந்தப் பெந்தினா. ‘கணவாய்ல குளிரு ஆளைக் கொன்னுரும், ரெண்டு நாள் இருந்துட்டுப் போடி’ன்னேன். கேக்கல. ‘எங்க அக்கா தோட்டம் கருகிக் கெடக்கு, அவ யாருகிட்டயும் கேக்கமாட்டா’ன்னுட்டுப் போயிட்டா.”

தெலினா புருஷனைப் பார்த்தாள். லேனியுஸ் ஒரு பன்றி எலும்பைக் கடிப்பதில் மும்முரமாக இருந்தான்.

“நீதானே கொண்டாந்தே?” என்றாள் தாழ்ந்த குரலில்.

“நான் எப்ப சொன்னேன்?”

“சிரிச்சியே.”

“நீ அம்புட்டு சந்தோசமா கேட்ட. சிரிச்சேன்.” எலும்பைக் கீழே வைத்தான். “அவதான் சொல்லாதேன்னா. தான் குடுத்ததுன்னு தெரிஞ்சா அக்கா புடுங்கி எறிஞ்சிரும்னா.”

பிடுங்கித்தான் எறிந்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது. கையிலிருந்த பாதிக் கிழங்கை இலையிலேயே திரும்ப வைத்தாள்.

லேனியுஸுக்கு அந்தப் பேச்சை மாற்றினால் போதுமென்று இருந்தது. “ஓர்பா தோட்டம் வெறும் மண்ணாக் கெடக்கு. போயி உன் கொடிய நட்டுக் கம்ப ஊனிரு. இனி அது உன்னுது.”

ஊர் வழக்கு அதுதான். வெறுமையான தோட்டத்தில் வாசலையொட்டிய பாத்திகளில் யார் கொடி நட்டு, தன் தோண்டுகம்பை ஊன்றுகிறாளோ, வேலிக்குள் இருப்பதெல்லாம் அவளுடையது.

“அப்ப பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன்” என்றான் யெரினுஸ். “தோட்டம் இல்லாத பொட்டப்புள்ள இங்க யாரு நெருப்பு முன்னால போயி ஒக்காரும்?”

ஓர்பாவின் ஒன்பது வயது மகள் பெந்தினா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தாயின் வலைப்பையை, அதன் வாரை உச்சந்தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டிருந்தாள். பெரியவளுக்குப் பின்னிய பை அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. எங்கே போகப் போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. தெலினா அந்த முகத்தைப் பார்க்காமலிருக்க முயன்றாள். ஓர்பாவின் முகமே அது.

மறுநாள் ஓர்பாவுக்காக ஜெபம். ஊர் முழுக்கக் கோயிலுக்குப் புறப்பட்டது. யெரினுஸ் ஜெபம் முடிந்தபின் கிளம்புவதாக இருந்தான்.

“அண்ணி, வரலியா?” யூமினா வெளியே நின்று கூப்பிட்டாள்.

“தல வலிக்குது. நீ போ.”

“தலயா, இல்ல வயிறா? சக்களத்திக்கு ஒரு பாட்டுப் பாடவும் மனசு வரல. தோட்டம் மட்டும் வேணும்!” ஊர்வாசிகளுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் தலை மறையும்வரை தெலினா காத்திருந்தாள். பிறகு தன் தோட்டத்தில் இறங்கி நல்ல கொடிகளாகப் பார்த்து அறுத்தாள். ஒரு சுமையை வலைப்பையில் போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கி ஓர்பாவின் வேலியைத் தாண்டினாள்.

மண்ணில் கை வைத்தாள். யூமினா சொன்னது பொய்யில்லை. வெண்ணெய் மாதிரி இருந்தது. பதினைந்து வருஷமாக ஆசைப்பட்ட மண். இப்படியா இருக்கும் ஒருத்திக்கு என்று மறுபடியும் வயிறு எரிந்தது. எரிய எரியவே நட்டாள். மண்ணைக் குவித்து, கணுக்களை உள்ளே புதைத்து, நுனியை வெளியே விட்டு, உள்ளங்கையால் அழுத்தினாள். வாசலையொட்டிய பாத்திகள் மட்டும். வரிசையைச் சற்றுக் கோணலாகவே விட்டாள். ஒன்பது வயதுக் கை அப்படித்தான் நடும்.

கீழே பாட்டு ஆரம்பித்தது. மெதுவாக ஏறி வந்த குரல்களில் யூமினாவின் கட்டைக்குரல் தனியாகத் தெரிந்தது. இனி ஊர் என்ன பேசும் என்று தெலினாவுக்குத் தெரியும். விடியுமுன் வந்து தானே நட்டுக்கொண்டாள், தாய்க்குத் தப்பாத பெண் என்று பெந்தினாவைச் சொல்லும். கொடுத்த தோட்டத்தை நடக்கூட வக்கில்லாமல் படுத்துக் கிடந்தவள் என்று தன்னைச் சொல்லும். சொல்லட்டும். பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொள்வார். அதற்காக அவள் வானத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வலைப்பைக்குள் கைவிட்டு ஒரு தோண்டுகம்பை எடுத்தாள். அவளுடையது அல்ல. சின்னக் கம்பு, பிடியில் ஒரு சிறுமியின் கைபட்டு வழவழத்தது. காலையில் ஓர்பாவின் வீட்டுக் கூரையிலிருந்து யாரும் பார்க்காமல் எடுத்தது. முதல் பாத்தியின் தலைமாட்டில் அதை ஊன்றினாள். சாய்ந்தது. நிமிர்த்தி, சுற்றிலும் மண் தள்ளிக் காலால் மிதித்தாள்.

பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. கடைசிப் பாத்தியை முதலில் எடுத்துக்கொண்டது. பிறகு அடுத்ததை. சின்னக் கம்பும் மறையும்வரை தெலினா வேலியோரம் நின்றாள்.