பெர்த் நீங்கலாக

எங்கள் இணைய விளம்பர அலுவலகத்தில் ஒரே ஒரு சட்டம்தான். வாடிக்கையாளரின் விளம்பரக் கணக்கில் யார் கை வைத்தாலும் மாற்றப் பதிவில் நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும்: தேதி, பெயர், என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய். மற்றபடி காலில் செருப்பில்லாமல் வேலைக்கு வந்தாலும் எங்கள் முதலாளி நெரிடா ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ‘ஏன்’ சரியில்லை என்றால் மட்டும் ஹோபார்ட் துறைமுகம் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவார்.

ஜூலை முதல் திங்கட்கிழமை, எங்கள் தென்கோடி ஆஸ்திரேலியாவில் குளிர் உச்சத்தில் இருக்கும் நேரம், அப்படித்தான் கத்தினார்.

“டெஸ், இங்க வா! கிளெனிஸ் போன் பண்ணாங்க. பன்னெண்டு நாளா புக்கிங்கே இல்லையாம். விறகு அடுக்கி வச்சிருக்கேன், ஆளத்தான் காணோம்னு ஒரே புலம்பல். யார் கை வச்சது?”

எங்கள் வாடிக்கையாளர் கிளெனிஸுக்குப் பக்கத்துப் புரூனித் தீவில் வாடகைக்கு விடும் ஆறு மரக்குடில்கள் உண்டு. கூகுளில் அந்தத் தீவைத் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது எங்கள் விளம்பரம். பார்ப்பதற்குக் காசில்லை, அழுத்தினால்தான் கிளெனிஸுக்குச் செலவு. ஆறு வருடமாக அந்தக் கணக்கை நானும் இமோஜனும் பார்த்துக்கொண்டோம். ஜூன் பதின்மூன்றாம் தேதி அவள் வேறு வேலை கிடைத்து, நாட்டின் மறுகோடியில், மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் பெர்த்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் மட்டும்தான்.

போகப் போகிறேன் என்று அவள் சொன்னது ஏப்ரலில். இரண்டு மாதம் எதிர் மேசையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘போகாதே’ என்ற ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குக் காலை வணக்கம் சொல்லவே அரை நாள் ஒத்திகை வேண்டும். கடைசியில் விமான நிலையத்தில் வைத்து, “பெட்டி எடை சரியா இருக்கா?” என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றாள். போய்விட்டாள்.

நெரிடா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் எழுதுவது ஒரு பக்கம் இருக்க, கணக்கும் தன் பங்குக்கு யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்று நிமிடம் தவறாமல் குறித்து வைத்துக்கொள்ளும்.

“சரிவு என்னைக்கு ஆரம்பிக்குது?”

“இருபத்தாறு.”

“அப்போ இருபத்தஞ்சு யாருன்னு பாரு.”

பார்க்காமலே எனக்குத் தெரியும். ஜூன் 25, மாலை 4.50, டெஸ்மண்ட். விளம்பரம் காட்டும் இடங்களின் பட்டியலிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியா முழுக்க நீக்கம். நான்காவது கட்டத்தில் என் கையால் எழுதியிருந்தது: ‘பட்டியல் சுத்தம்.’

“சுத்தமா?” என்றார் நெரிடா. “ஸ்கூல் லீவுல பெர்த்காரங்கதான குளிரைத் தேடி இங்க வராங்க! மத்தவங்கல்லாம் குளிருக்கு பயந்து ஓடுறவங்க. ஆறு வருஷமா இங்க ஈ ஓட்டிட்டா இருந்த?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். “பெர்த்ல சும்மா பாக்குறாங்க, அழுத்த மாட்டேங்குறாங்க” என்றேன்.

“காட்டு.”

பொய் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. பெர்த்காரர்கள் தாராளமாக அழுத்தியிருந்தார்கள். ஒரே ஒரு தேடல் வரிக்கு மட்டும் பன்னிரண்டு பார்வை, அழுத்தியது பூஜ்யம். ஜூன் 14 முதல் 25 வரை, ஒரு நாளைக்கு ஒன்று, எல்லாமே காலை ஒன்பது மணிக்கு. அங்கே அப்போது ஏழு மணி. தேடிய சொல் ‘புரூன்னி தீவு குடில்.’

“இது என்ன ரெண்டு ன்? எந்த முட்டாள் சேத்தது?”

அந்த முட்டாள் நான்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால், எந்தச் சொற்களைத் தேடினால் விளம்பரம் தெரிய வேண்டும் என்று பட்டியலிட்டபோது, அவசரத்தில் பிழையாக அடித்துவிட்டேன். அழிக்கப் போனபோது இமோஜன் விடவில்லை. “இதே மாதிரி தப்பா எழுதுற இன்னொருத்தன் எங்கயாவது இருப்பான்டா. அவனும் எங்கயாவது தங்க வேணாமா?” என்றாள். இந்த ஐந்து வருடத்தில் ஒருவரும் அப்படித் தேடியதில்லை. அப்படி ஒரு வரி இருப்பது உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

என் காது சூடாகிவிட்டது. நெரிடா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

“நான் கீழ பேக்கரிக்குப் போறேன். வர அரை மணி ஆகும். போன் உன்கிட்டதான இருக்கு?”

இமோஜன் உடனே எடுத்தாள். “டெஸ்? நீயா கூப்பிடுற? யாராவது செத்துட்டாங்களா?”

“இல்ல. ரெண்டு ன் போட்டுத் தேடினது நீயா?”

“மாட்டிக்கிட்டேனா?”

“ஏன் அழுத்தல?”

“அழுத்தினா கிளெனிஸுக்குக் காசு போகும். நான் என்ன தங்கவா போறேன்? ‘அடுப்பு மூட்டியாச்சு, வாங்க’ன்னு விளம்பரத்துல நீ எழுதினியே, அதைப் படிக்கத்தான். காலைல காப்பியோட ஒரு தடவை பாத்துட்டா அந்த நாள் ஓடிடும்.” அவள் குரல் இறங்கியது. “இருபத்தாறாம் தேதி காணோம். அடுத்த நாளும் இல்ல. நம்ம வேலை எனக்குத் தெரியாதா? அது தானா மறையாது, ஒருத்தர் எடுக்கணும்.”

“நான்தான் எடுத்தேன்.”

“தெரியும். இதுதான் உன் பதில்னு நெனச்சேன். அதுவரைக்கும் தள்ளிப் போட்டுட்டே இருந்த வீட்டு ஒப்பந்தத்துல அன்னைக்கு சாயங்காலம் கையெழுத்து போட்டேன். ரெண்டு வருஷத்துக்கு.”

இப்போதும் பேசாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

“அது பதில் இல்ல இமோஜன். பட்டியலைத் திறந்தா பெர்த், பெர்த்துன்னு கண்ணுல குத்துது. நீ இருக்குற ஊர் பேரைப் பாக்க முடியல. நீ இல்லாம முடியல.”

“இதைச் சொல்ல ஏர்போர்ட்ல வாய் வரல உனக்கு.”

“வரல.”

“பெட்டி எடையக் கேட்ட.”

“ஆமா.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. “பதிவுல என்ன காரணம் எழுதின?”

“பட்டியல் சுத்தம்னு.”

“பாவி! மொதல்ல அதைத் திருத்து. அப்புறம் டெஸ்... இனிமே கூப்பிடாத. நான் இங்க இருந்து பழகணும்.”

வைத்துவிட்டாள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போட்ட தடையை நான் எடுத்தேன். நான்காவது கட்டத்தில் பழையதை அடித்துவிட்டு, ‘இமோஜன் அங்கே இருக்கிறாள். அந்தப் பெயரைப் பார்க்கத் தாங்காமல் செய்தது. தவறு என்னுடையது’ என்று எழுதினேன். நெரிடா கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தார். “மொத தடவையா எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்க” என்று சொல்லிவிட்டுச் சிப்பிக்கறி அடைத்த சூடான பப்ஸை என் மேசையில் வைத்தார்.

நான்கே நாளில் கிளெனிஸின் போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. அதே வாரம் நான் இன்னொரு மாற்றமும் செய்தேன். அந்தப் பிழையான சொல்லுக்கு மட்டும், பெர்த்துக்கு மட்டும், தனியாக ஒரு விளம்பரம் எழுதினேன். அதில் குடிலும் இல்லை, அடுப்பும் இல்லை. ‘நான் அங்கே வரட்டுமா?’ என்று மட்டும் இருக்கிறது. ‘ஏன்’ கட்டத்தில், ‘அவள் தேடினால் தெரிவதற்கு’ என்று எழுதினேன். நெரிடா அதைப் படித்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதரை வரைக்கும் வேறு வேலை ஓடுவதில்லை. இன்றோடு மூன்று வாரம். பார்வை பூஜ்யம்.